உருளைக்கிழங்கு சூப்: மத்து போதும், மிக்சி வேண்டாம்

கேள்வி இதுதான். பினாங்கு ஜெலுத்தோங்கில் குடியிருக்கும் ஓர் இளம் தாய், தான் வைக்கும் உருளைக்கிழங்கு சூப் பசைபோல் இழுக்கிறது என்கிறார். அவருடைய அம்மா மிளகு சீரகம் தட்டிப்போட்டு வைப்பாராம். மாமியார் தேங்காய்ப்பால் ஊற்றுகிறார். எதிர்வீட்டுச் சீனப் பாட்டியோ தக்காளியும் எலும்பும் போட்டு வைக்கிறார். இதில் எது சரி, எந்தக் கிழங்கு வாங்க வேண்டும், விருந்து என்றால் முதல் நாளே செய்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பசைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெந்த கிழங்கை மிக்சியில் போட்டு அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். மற்றபடி நீங்கள் குறிப்பிட்ட மூன்று வீட்டு முறைகளும் சரியானவை. உருளைக்கிழங்கு சூப்புக்குக் கெட்டித்தன்மை கிழங்கிலிருந்தே வரவேண்டும். அது வந்துவிட்டால் சோளமாவும் வேண்டாம், கடையில் விற்கும் கிரீமும் வேண்டாம். அதன்பிறகு பால் ஊற்றுவதும் புளிப்பு சேர்ப்பதும் எலும்பு போடுவதும் அவரவர் வீட்டு வழக்கம். எதை எப்போது சேர்ப்பது என்ற வரிசையை மட்டும் மாற்றக்கூடாது.

மிக்சி ஏன் கெடுக்கிறது? கிழங்குக்குள் மாவுச்சத்து சின்னஞ்சிறு மணிகளாகச் செல் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. சூடு ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கொதியில் இளகுகிறது. வெந்த கிழங்கு விரல் பட்டதும் உதிர்வது அதனால்தான். மத்தால் மசித்தால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். பெரும்பாலும் முழுசாகவே இருக்கும். மிக்சியின் கத்தி அவற்றைக் கிழித்து, உள்ளே உப்பியிருக்கும் மாவை எல்லாம் வெளியே கொட்டிவிடுகிறது. சுவரொட்டி ஒட்டக் காய்ச்சும் பசையும் அதே மாவும் தண்ணீரும்தான்.

ஆகவே கீரை கடையும் மரமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சூப்புக்கு அதைவிடப் பொருத்தமான கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது. மத்தைப் பானையின் அடியில் வைத்து அழுத்தி, கால் சுற்றுத் திருப்பி, எடுத்து அடுத்த இடத்தில் வையுங்கள். மோர் கடைவதுபோல் சுழற்ற வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு மசிந்ததும் நிறுத்திவிடுங்கள். மீதிக் கிழங்கு துண்டு துண்டாக வாயில் அகப்படட்டும். சூப் பட்டுப்போல் வழவழப்பாகத்தான் வேண்டுமென்றால் மசித்ததைக் கண்ணிச் சல்லடையில் ஊற்றி, கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்குங்கள். வெங்காயம், கேரட், பூசணி சேர்ப்பதாக இருந்தால் அவற்றை மட்டும் தனியாக மிக்சியில் அடித்துக் கலக்கலாம். அவற்றில் மாவுச்சத்து குறைவு என்பதால் இழுக்காது.

ஏற்கெனவே பசையாகிவிட்ட சூப்பைப் பழையபடி மாற்ற வழி கிடையாது, சாப்பிடும்படி ஆக்கலாம். கொதிக்கும் தண்ணீரோ எலும்புச்சாறோ ஊற்றி நீர்க்கவிடுங்கள். வேறொரு பாத்திரத்தில் இரண்டு கிழங்கைத் துண்டுகளாக வேகவைத்துச் சேருங்கள். மிளகும் எலுமிச்சைச் சாறும் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும். அதன்பிறகு கரண்டி போட்டுக் கிளறிக்கொண்டே இருக்காதீர்கள்.

இனி, கிழங்கு. சௌராஸ்தா சந்தையிலும் ஆயர் ஈத்தாம் சந்தையிலும் பொதுவாக இரண்டு விதம் பார்ப்பீர்கள். தடித்த, சொரசொரப்பான பழுப்புத் தோலோடு நீளமாக இருப்பது ரஸ்ஸட். அது மாவுக் கிழங்கு. வெந்ததும் பூவாய் உதிரும், சூப் தானாகக் கெட்டிப்படும். மெல்லிய வழவழப்பான தோலும் மஞ்சள் சதையுமாக, ஹாலந்து கிழங்கு என்று சொல்லி விற்கப்படுவது அவ்வளவு உதிராது. துண்டு நிற்கும், சுவையும் கூடுதல். ரஸ்ஸட்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மசித்த சூப்புக்கு ரஸ்ஸட் நல்லது, எலும்புச் சூப்புக்கு மஞ்சள் கிழங்கு நல்லது. இரண்டையும் பாதிப்பாதி கலந்து போட்டால் ஒன்று கரைந்து கெட்டி கொடுக்கும், மற்றது துண்டாக நிற்கும். என் வீட்டில் அப்படித்தான் போடுகிறேன்.

பெயர் தெரியாத கிழங்கு கைக்கு வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. அரைக் கப் உப்பை ஐந்தரைக் கப் தண்ணீரில் கரைத்து, கிழங்கை முழுசாக அதில் போடுங்கள். மாவு நிறைந்த கிழங்கு கனமானது, மூழ்கிவிடும். மாவு குறைந்தது மிதக்கும்.

பச்சை படர்ந்த கிழங்கை எடுக்காதீர்கள். வெளிச்சம் பட்ட கிழங்கில் பச்சை நிறத்தோடு சொலனின் என்ற நச்சுப்பொருளும் கூடுகிறது. கொதிக்கவைத்தாலும் அது போகாது. ஓரத்தில் லேசாக மட்டும் பச்சை இருந்தால் அந்த இடத்தை ஆழமாகச் சீவி எறியலாம். உள்வரை பச்சையாக இருந்தாலோ, வாயில் வைத்ததும் கசந்தாலோ கிழங்கையே எறிந்துவிடுங்கள். முளை விட்டிருந்தால் முளையை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். வீட்டில் சேமிப்பதற்கு இருட்டான, காற்றோட்டமான இடம் போதும். வெங்காயக் கூடையில் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும். குளிர்பெட்டியிலும் வைக்க வேண்டாம். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. சூப்பில் காரணமே தெரியாமல் ஓர் இனிப்பு தட்டும். நம் ஊர் வெக்கையில் கிழங்கு வெகுநாள் தாங்காது. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே நல்லது.

அடிப்படைச் சூப்புக்கு நான்கு பேருக்கு அளவு சொல்கிறேன். தோல் சீவிய கிழங்கு 600 கிராம், தண்ணீரோ சாறோ 1.2 லிட்டர், பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நான்கு பல், வெண்ணெயோ நெய்யோ இரண்டு மேசைக்கரண்டி. கிழங்கைத் தோலோடு கழுவிவிட்டுச் சீவுங்கள். நறுக்கியபிறகு கழுவினால் வெட்டுவாயில் படிந்திருக்கும் மாவு தண்ணீரோடு போய்விடும். பொரிப்பதற்குக் கழுவ வேண்டும், சூப்புக்குக் கூடாது. நறுக்கிய உடனே பானையில் போட்டுவிட்டால் கறுக்கவும் கறுக்காது.

வெங்காயத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வெண்ணெய் உருகியதும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் ஒரு சிட்டிகை உப்பையும் போட்டு, அடுப்பைக் குறைத்து, மூடிவிடுங்கள். பத்து நிமிடம் ஆகும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆகிப் பச்சை வாசம் அடங்க வேண்டும், சிவக்கக் கூடாது. சிவந்தால் சூப்பின் நிறமும் மங்கும், கிழங்கின் மெல்லிய மணத்தை வறுத்த வாசம் மூடிவிடும். பிறகு பூண்டு. அது வாசம் வந்ததும் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிய கிழங்கைப் போட்டு, எண்ணெய் படும்படி ஒரு புரட்டுப் புரட்டி, தண்ணீர் ஊற்றி, உப்பில் பாதியைப் போடுங்கள். கொதி வந்ததும் தணலைக் குறைத்துவிடுங்கள். பதினைந்திலிருந்து இருபது நிமிடத்தில் வெந்துவிடும். ஒரு துண்டைக் கரண்டியால் பானையின் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு கட்டி நின்றால் இன்னும் வேகவில்லை. சுவரோடு சுவராகப் பூசிக்கொண்டு இறங்கினால் மத்தை எடுக்கலாம். மீதி உப்பை மசித்தபிறகு ருசி பார்த்துச் சேருங்கள். கிழங்கு உப்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

சூப்புக் கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் போடுவதில்லை. போட்டால் எந்தச் சூப்பும் ஒரே சூப்பாகிவிடுகிறது. வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கியிருந்தால் வெறும் தண்ணீரே போதும். ஊன் ருசி வேண்டுமென்றால் கோழியின் கழுத்தெலும்பையும் கால்களையும் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து எடுத்த சாறு இருக்கிறது.

இந்த அடிப்படையின்மேல்தான் ஒவ்வொரு வீடும் தன் கைப்பக்குவத்தைக் காட்டுகிறது. உங்கள் அம்மாவின் மிளகு சீரகச் சூப் நம் ரசத்தின் உறவுக்காரி. ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், நான்கு பல் பூண்டு. உரலில் ஒன்றிரண்டாகத் தட்டவேண்டும், மாவாக்கக் கூடாது. மசித்த சூப்பில் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். மிளகை நெடுநேரம் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய், உறைப்பும் கசப்பும்தான் மிஞ்சும். கடைசியாக நெய்யில் கறிவேப்பிலையும் இரண்டு காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டுங்கள். காய்ச்சல்காரருக்கும் பல் போன பெரியவர்களுக்கும் இதைவிட ஆதரவான உணவு எனக்குத் தெரியாது. புரட்டாசி மாதத்தில் ஊன் தவிர்க்கும் வீடுகளில் கைப்பிடி மைசூர்ப் பருப்பைக் கிழங்கோடு சேர்த்து வேகவிட்டால் சாறு இல்லாத குறை தெரியாது. வெங்காயம் பூண்டும் விலக்குகிற வீடுகளுக்குப் பெருங்காயமும் இஞ்சியும் கைகொடுக்கும்.

மாமியாரின் தேங்காய்ப்பால் சூப் யாழ்ப்பாணச் சொதியின் வழியில் வந்தது என்று நினைக்கிறேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே வேலைக்கு வந்து குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பங்களின் சமையலில் சொதி இல்லாத நாள் குறைவு. வெந்தயம் கால் தேக்கரண்டி, கீறிய பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள் கொஞ்சம். இவற்றோடு கிழங்கை இரண்டாம் பாலில் வேகவிட வேண்டும். முதல் பாலை ஊற்றியபிறகு கொதிக்கவிடக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். சந்தையில் அப்போதே பிழிந்து தரும் பால் மிக எளிதாகத் திரியும், பெட்டிப் பால் சற்றுத் தாங்கும். எலுமிச்சையை இறக்கியபிறகு, சூடு கொஞ்சம் அடங்கியதும் பிழியுங்கள். கொதியில் பிழிந்தால் பால் திரிவதோடு ஒரு கசப்பும் ஏறும். சொதி என்றால் கிழங்கு மசியாமல் நிற்கவேண்டும் என்பார்கள். சூப்பாகக் குடிக்க நினைத்தால் நான்கைந்து துண்டை மட்டும் மத்தால் நசுக்கிவிடுங்கள், அந்த அளவுக் கெட்டி போதும்.

எதிர்வீட்டுப் பாட்டி வைப்பது மலேசியச் சீன வீடுகள் எல்லாவற்றுக்கும் தெரிந்த ஏபிசி சூப். கிழங்கு, கேரட், தக்காளி, பெரிய வெங்காயம், அதோடு கோழியோ பன்றி எலும்போ. சில வீடுகளில் சோளக்கதிரும் உண்டு. தாளிப்பு இல்லை, மசாலா இல்லை. நசுக்கிய வெள்ளை மிளகு மட்டும். சரவாக்கில் விளையும் வெள்ளை மிளகு கிடைத்தால் அதையே போடுங்கள். இந்தச் சூப்பில் நான் மிகவும் ரசிப்பது ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதித்தும் கிழங்கு கரைந்து போவதில்லை. காரணம் தக்காளி. புளிப்புள்ள நீரில் பெக்டின் எளிதில் இளகாது, அதனால் துண்டின் விளிம்பு கூர்மையாகவே நிற்கிறது. பாட்டிக்கு அது வேண்டும். சாறு தெளிவாக இருக்கவேண்டுமே. உங்களுக்கு மசியும் சூப் வேண்டும். ஆகவே தக்காளியோ புளியோ சேர்க்க ஆசைப்பட்டால் கிழங்கு முழுசாக வெந்தபிறகுதான் சேர்க்க வேண்டும். முன்னால் போட்டுவிட்டு, அரை மணி நேரமாகியும் வேகவில்லையே என்று கிழங்கைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

ஆட்டு எலும்புச் சூப்பையும் சொல்லாமல் விடமுடியாது. பினாங்கில் தமிழ் முஸ்லிம் கடைகளில் சூப் காம்பிங் கேட்டால் ரொட்டி பெங்காலியோடு வரும். அந்த ரொட்டியின் தடித்த துண்டைச் சாற்றில் தோய்த்துச் சாப்பிட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வீட்டில் செய்யும்போது பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, மல்லி, சோம்பு, சீரகம் எல்லாவற்றையும் துணியில் முடிந்து எலும்போடு போடுங்கள். சந்தையில் சூப்பு மசாலா முடிச்சாகவே கிடைக்கும். எலும்பு இரண்டு மணி நேரம் அமைதியாகக் கொதிக்கட்டும். கிழங்கைக் கடைசி அரை மணியில் போடுங்கள். பாதிக் கிழங்கை எடுத்து மசித்துத் திரும்பக் கலந்துவிட்டால் சாறு நாக்கில் தங்கும். மேலே பொரித்த சின்ன வெங்காயமும் டாவுன் சூப் எனப்படும் சீனச் செலரித் தழையும் தூவவேண்டும். கொத்தமல்லி அதற்கு ஈடாகாது.

நெத்திலிச் சாற்றில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். நெத்திலியைத் தலையும் குடலும் நீக்கி, கழுவி, சற்று வறுத்துவிட்டு இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடித்தால் போதும். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், நெத்திலியே போதுமான உப்பைக் கொண்டுவரும். ஒரு கைப்பிடிக் கீரையையும் உடைத்து ஊற்றிய முட்டையையும் சேர்த்தால் அது ஒரு வேளைச் சாப்பாடு.

பால் சூப்பு வெள்ளைக்காரர் வீட்டு வழி. நாட்டில் அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் வீடுகளில் ஹைனானியச் சமையல்காரர்கள் இந்த வகைச் சூப்புகளைச் செய்து பழகினார்கள். பசும்பாலைவிடச் சர்க்கரை சேர்க்காத டின் பால் இதற்கு நன்றாக அமையும், சூட்டில் எளிதில் திரியாது. வாங்கும்போது டின்னைப் படித்துப் பாருங்கள். தேநீருக்கு ஊற்றும் இனிப்புப் பால் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கும். அடிப்படைச் சூப்பை மசித்து அடுப்பை அணைத்தபிறகு 150 மில்லி ஊற்றிக் கலக்குங்கள். அதன்மேல் ஜாதிக்காயைத் துருவிப் போடுங்கள், இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். ஐரோப்பாவின் கிழங்குச் சூப்புகள் பலவற்றுக்கு ஜாதிக்காய்தான் மணம். அந்த மரம் நம் பாலிக் பூலாவ் தோட்டங்களிலேயே நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலுக்குத் தீவுகளிலிருந்து இங்கே கொண்டுவந்து நட்டார்கள். நாம் அதை ஊறுகாயாகவும் சர்பத்தாகவும் மட்டும் தின்று தீர்க்கிறோம். கொட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அப்போதைக்கு அப்போது துருவிப் பாருங்கள். பொட்டலத்தில் வரும் தூளை அதன்பிறகு தொடமாட்டீர்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளிகள் இருந்தால் மசித்த சூப்பைக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்காதீர்கள். மசித்த கிழங்கு இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். கிழங்கைப் பாதியாக்கி, பருப்பும் காலிஃபிளவரும் கூட்டி, சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு எச்சரிக்கை இன்னும் கூடுதல். கிழங்கு வெந்த தண்ணீரில் பொட்டாசியம் இறங்கிவிடும். சூப்பில் அந்தத் தண்ணீரையே நாம் குடிக்கிறோம். அவர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் மருத்துவமனை உணவு ஆலோசகரைக் கேட்டுவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, விருந்துக்கு முதல் நாளே செய்வது. செய்யலாம், பாதி வரைக்கும். கிழங்கை மசித்த நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். பால், தேங்காய்ப்பால், எலுமிச்சை, தழை எதுவும் அதில் சேரக்கூடாது. பெரிய பானையோடு அப்படியே மேசைமேல் இரவு முழுவதும் வைத்துவிடாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் நடுப்பகுதி ஆறவே மணிக்கணக்காகும், அதற்குள் கிருமி பெருகிவிடும். அகலமான தாழ்ந்த பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் ஏற்றுங்கள். மறுநாள் பார்த்தால் கெட்டியாக உறைந்திருக்கும். குளிர்ந்த மாவுச்சத்தின் இயல்பு அது. ஒரு லிட்டர் சூப்புக்கு ஒரு கப் கொதிநீர் வரை ஊற்றி, அடிபிடிக்காமல் மெல்லக் கிளறி, நன்றாகக் கொதிக்கவிட்டபிறகு பாலைச் சேருங்கள். உறைபெட்டியில் வைக்க வேண்டாம். கிழங்குத் துண்டுகள் பஞ்சாகி, தண்ணீர் தனியே பிரிந்துவிடும்.

இருபது பேருக்கு என்றால் எல்லாவற்றையும் ஐந்து மடங்காக்காதீர்கள். கிழங்கு மூன்று கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை ஐந்து லிட்டரில் தொடங்கி, மசித்தபிறகு தேவைக்குக் கூட்டுங்கள். பெரிய பானையில் ஆவியாவது குறைவு. மிளகையும் மூன்று மடங்கில் நிறுத்தி ருசி பாருங்கள். மேசையில் தட்டிய மிளகு, பொரித்த வெங்காயம், எலுமிச்சைத் துண்டு மூன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், உங்கள் அம்மாவும் மாமியாரும் தத்தமக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்வார்கள்.